ஊழியருக்கு வேலையில் அடிபட்டால் முதலாளி என்ன செய்ய வேண்டும்: சிங்கப்பூருக்கான முழு வழிகாட்டி

வேலையிடத்தில் ஒருவருக்கு அடிபட்டதும் அநேகமாக முதலில் காதில் விழும் வார்த்தை, "சின்னக் காயம்தானே." அடிபட்டவரே அதைச் சொல்வார், வேலை போய்விடுமோ என்ற பயத்தில். சூப்பர்வைசரும் சொல்வார், அன்றைய வேலை நின்றுவிடக் கூடாதே என்ற கவலையில். முதலாளி போனில் கேட்டுவிட்டு, "கட்டுப் போட்டாச்சா? சரி" என்பார். இருபது வருடமாகச் சிறு நிறுவனங்களில் சம்பளக் கணக்கும் ஆள் விவகாரமும் பார்த்துவருகிறேன். நான் பார்த்த பெரிய சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வார்த்தையில் தொடங்கியவை.

ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் இருந்த ஓர் உலோகப் பட்டறையில், புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவருக்குத் தகடு வெட்டும்போது இடது ஆள்காட்டி விரலில் வெட்டு விழுந்தது. சுற்றியிருந்த துணி நனைந்து முழங்கை வரை ரத்தம் வழிந்தது. லாரியின் முன்சீட்டில் உட்காரவைத்து ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். வழியில் சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்தார்: "ரூம்ல விழுந்துட்டேன்னு சொல்லு தம்பி. கம்பெனிக்குப் பிரச்சினை வேணாம்." அவர் அப்படியே சொன்னார், டாக்டர் அப்படியே எழுதினார். இரண்டு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்று. மூன்றாம் நாள் கட்டோடு வேலைக்கு வந்துவிட்டார். ஒன்பதாம் நாள் விரல் வீங்கிக் கறுத்து, மருத்துவமனையில் நுனியை எடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம்தான் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் போனது. அவர்கள் கேட்ட முதல் கேள்வி: அறையில் விழுந்ததாக கிளினிக் எழுதியிருக்கிறதே, வேலையில் வெட்டியது என்று நீங்கள் சொல்வதை எப்படி நம்புவது? அந்த ஒரு பொய்யைச் சரிசெய்ய எட்டு மாதம் ஆனது. எட்டு மாதமும் அவர் தங்குவிடுதிக் கட்டிலில் உட்கார்ந்து, ஊரில் அம்மாவிடம் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். உணவகம், பூக்கடை, மளிகைக்கடை, ஏசி சர்வீஸ், ரெனவேஷன், சப்கான்ட்ராக்ட் என்று பத்து முப்பது பேரை வைத்து நடத்தும் நம் ஆட்களுக்கு இது.

சட்டம் யாருக்குப் பொருந்தும்

சிங்கப்பூரில் இதற்கான அடிப்படை, 2019ஆம் ஆண்டின் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம். 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இதன் உயிர்நாடி ஒன்றுதான்: யார் தவறு என்று பார்ப்பதில்லை. ஊழியர் கவனக்குறைவாக இருந்தாலும், வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் அடிபட்டிருந்தால் இழப்பீடு உண்டு. "நான் நூறு தடவை சொன்னேன், அவன்தான் கையுறை போடல" என்பது இங்கே பதில் ஆகாது.

சம்பளம் எவ்வளவு, எந்த நாட்டுக்காரர், என்ன வயது, பகுதிநேரமா முழுநேரமா என்பதெல்லாம் பொருட்டில்லை. உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்றால் போதும். சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பாதுகாப்பு உண்டு. நிறுவனம் ஏற்பாடு செய்த லாரியிலோ வேனிலோ வேலைக்கு வரும்போது நடக்கும் விபத்தும் இதில் சேரும். வேலைக்காக வெளிநாடு அனுப்பிய இடத்தில் நடப்பதும் சேரும். சொந்தமாகத் தொழில் செய்பவர்கள், இல்லப் பணிப்பெண்கள், சீருடைப் படையினர் ஆகியோருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பணிப்பெண்களுக்குத் தனி விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும். உணவு விநியோகம், தனியார் வாடகைக் கார் போன்ற இணையத்தள ஊழியர்களுக்கு 2025 ஜனவரி முதல் இதே அளவு பாதுகாப்பு வந்திருக்கிறது.

காப்பீடு விஷயத்தில் இரண்டு விதி. உடலுழைப்பு வேலை செய்பவர் அனைவருக்கும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், வேலைக்காயக் காப்பீடு கட்டாயம். அலுவலக வேலை போன்ற உடலுழைப்பு இல்லாத வேலை என்றால், மாதம் 2,600 வெள்ளி வரை சம்பாதிப்பவர்களுக்குக் கட்டாயம். அதற்கு மேல் வாங்குபவருக்குக் காப்பீடு எடுக்காமல் விடலாம், ஆனால் அவருக்கு அடிபட்டால் இழப்பீடு உங்கள் பையிலிருந்துதான் போகும். கட்டாயக் காப்பீடு எடுக்காமல் விட்டால் 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ.

இங்கே பலர் ஒரு குழப்பம் செய்கிறார்கள். வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளில் வரும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு எடுக்கும் மருத்துவக் காப்பீடு வேறு, வேலைக்காயக் காப்பீடு வேறு. ஒன்று இருக்கிறது என்பதால் மற்றதை விட முடியாது. இரண்டு பாலிசியும் எங்கே இருக்கின்றன, எப்போது முடிகின்றன என்பதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அடிபட்ட பிறகு தேடக் கூடாது.

முதல் பத்து நிமிடம்

ஒரு தேக்கா உணவகத்தின் பின்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணி, வடைச்சட்டி அடுப்பில். ஈரத்தரையில் ஒருவர் வழுக்கி, பிடிமானத்துக்குச் சட்டியின் காதைப் பிடிக்கிறார். எண்ணெய் முன்கையிலும் தொடையிலும் கொட்டுகிறது.

முதலில் ஆபத்தை நிறுத்துங்கள்: அடுப்பை அணைப்பது, இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டிப்பது. அப்புறம் ஆள். தீக்காயத்துக்குக் குழாய்த் தண்ணீர் குறைந்தது இருபது நிமிடம் ஓடட்டும். மோதிரம், வாட்ச், இறுக்கமான துணி இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். தோலில் ஒட்டிய துணியை மட்டும் இழுக்கக் கூடாது. பற்பசை, மஞ்சள், மாவு, சோயா சாஸ் எதுவும் வேண்டாம். இதெல்லாம் போடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கும்போது அந்த ஆள் படும் வேதனையையும் பார்த்திருக்கிறேன்.

வெட்டு என்றால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். விரல் துண்டாகிவிட்டால் அந்தத் துண்டை ஈரத்துணியில் சுற்றிப் பையில் போட்டு, பையை ஐஸ் மீது வையுங்கள். ஐஸ் நேரடியாகத் தொடக் கூடாது. உயரத்திலிருந்து விழுந்தவரை அசைக்கவே வேண்டாம். மூச்சு, தலை, முதுகு, நெஞ்சு, கண், நிற்காத ரத்தம் என்றால் யோசிக்காமல் 995க்குப் போன் போட்டு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். லாரி வேண்டாம்.

முதலுதவிப் பெட்டி எல்லா வேலையிடத்திலும் இருக்க வேண்டும். 25 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பயிற்சி பெற்ற முதலுதவியாளரும் இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து தேதி பாருங்கள். நான் திறந்த பல பெட்டிகளில் இருந்தது காலாவதியான கண்மருந்தும் பனடாலும்தான்.

டாக்டரிடம் போகும்போது

கூட யாராவது போக வேண்டும், அது நல்லதுதான். ஆனால் டாக்டரின் அறைக்குள் சூப்பர்வைசர் போய் உட்கார வேண்டாம். ஊழியர் கேட்டால், மொழி தெரியாவிட்டால், சக ஊழியர் ஒருவர் கூடப் போகலாம். எப்படி நடந்தது, எங்கே வலிக்கிறது என்பதை அடிபட்டவரே தன் வாயால் சொல்லட்டும். அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "நடந்தத நடந்தபடி சொல்லுங்க. செலவ கம்பெனி பார்த்துக்கும்."

கிளினிக்கில் எழுதப்படும் அந்த முதல் நான்கு வரிதான் பின்னால் காப்பீட்டு நிறுவனம் பார்க்கும் முதல் ஆதாரம். அது உண்மையாக இருப்பது ஊழியருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் பாதுகாப்பு.

"கம்பெனி டாக்டர்தான் எம்சி தரணும்" என்று சிலர் அடம்பிடிப்பார்கள். வேலைக்காயத்துக்கு அப்படி இல்லை. சிங்கப்பூரில் பதிவுபெற்ற டாக்டர் கொடுத்த எம்சியை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். எம்சி நாளைக் குறைக்கச் சொல்லி கிளினிக்குக்குப் போன் போடுவது மிகத் தவறான காரியம். வெளிநாட்டு ஊழியர்களுக்குப் போதுமான எம்சி கொடுக்காத டாக்டர்கள் மருத்துவ மன்றத்தின் ஒழுங்கு நடவடிக்கையில் பணியிடைநீக்கம் ஆன வழக்குகள் இங்கே உண்டு.

அன்றைக்குள் செய்ய வேண்டியது

உயிரிழப்போ கடுமையான விபத்தோ என்றால் இடத்தை அப்படியே விடுங்கள். ஆளைக் காப்பாற்றவும் மேலும் ஆபத்து வராமல் தடுக்கவும் தேவையானதைத் தவிர எதையும் நகர்த்தவோ கழுவவோ வேண்டாம். கிரேன் சாய்வது, வெடிப்பு, பெரிய தீ போன்றவற்றில் யாருக்கும் அடிபடாவிட்டாலும் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சாதாரணக் காயம் என்றாலும் அன்று மாலைக்குள் நான்கு விஷயம் முடிந்திருக்க வேண்டும். விபத்து நடந்த இடத்தைப் போனில் பத்துப் படமாவது எடுங்கள், தரை, காலணி, இயந்திரத்தின் தடுப்பு உட்பட. பார்த்தவர்கள் சொல்வதை அவரவர் மொழியிலேயே எழுதி வாங்கிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். தமிழில் இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது, மொழிபெயர்ப்பு அப்புறம் செய்துகொள்ளலாம். கேமரா இருந்தால் பதிவை உடனே நகல் எடுங்கள், பல கேமராக்கள் சில நாளில் பழையதன் மேல் புதியதை எழுதிவிடும். ஐந்து மில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில் 2024 ஜூன் முதல் கேமரா கட்டாயம், ஆகவே சப்கான்ட்ராக்டர்கள் மெயின்கானிடம் (முதன்மை ஒப்பந்ததாரரிடம்) எழுத்தில் கேட்டு வாங்கிவையுங்கள். நான்காவது, காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல். யார், எப்போது, எங்கே, எப்படி, எந்த மருத்துவமனை. ஐந்து வரி போதும்.

பத்து நாள் கெடு

எம்சி ஒரு நாளாக இருந்தாலும், எம்சி இல்லாமல் லைட் டியூட்டி (காயம் ஆறும் வரை இலகுவான வேலை) மட்டும் கொடுத்திருந்தாலும், வேலைக்காயம் என்றால் மனிதவள அமைச்சின் இணையச் சேவையில் அறிக்கை தர வேண்டும். முன்பு மூன்று நாளுக்கு மேல் எம்சி இருந்தால்தான் அறிக்கை என்ற நிலை இருந்தது. அதை இன்னும் நினைவில் வைத்திருப்பவர்கள் நிறைய. அது 2020 செப்டம்பரோடு போய்விட்டது.

கெடு 10 நாள், உங்களுக்கு விஷயம் தெரிந்த நாளிலிருந்து. உயிரிழப்பு என்றால் உடனே தெரிவித்துவிட்டு, 10 நாளுக்குள் முழு அறிக்கை. காது மந்தமாவது, ரசாயனத்தால் தோல் வெடிப்பது போன்ற தொழில்சார் நோய் என்றால், டாக்டரின் எழுத்துபூர்வமான முடிவு கைக்கு வந்து 10 நாளுக்குள். வேலை நிமித்தமான சாலை விபத்தும் சேரும். நான் பத்து நாள் காத்திருப்பதில்லை. மூன்றாம் நாளுக்குள் அனுப்பிவிடுவேன், விவரம் மனதில் புதிதாக இருக்கும்.

"நிஜமாவே வேலையிலதான் அடிபட்டுச்சான்னு சந்தேகமா இருக்கே?" சந்தேகம் இருந்தாலும் அறிக்கை அனுப்பத்தான் வேண்டும். அனுப்புவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. உங்கள் சந்தேகத்தையும் அதற்கான காரணத்தையும் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லுங்கள், முடிவை அவர்கள் எடுப்பார்கள். அனுப்பாமல் விட்டால் முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரை, ஆறு மாதம் வரை சிறையும் சேரலாம். அறிக்கையையும் தொடர்பான தாள்களையும் மூன்று வருடம் பத்திரப்படுத்துங்கள்.

எம்சி காலச் சம்பளம்

மருத்துவச் செலவை நிறுவனம் கட்ட வேண்டும், பிறகு காப்பீட்டில் திரும்பப் பெறலாம். ஊழியரைக் கட்டச் சொல்லி, "கிளெய்ம் வந்ததும் தரேன்" என்பது முறையல்ல.

எம்சி நாளுக்கான சம்பளம், மாதச் சராசரி வருமானத்தின் அடிப்படையில். சராசரி என்றால் அடிபடுவதற்கு முந்தைய 12 மாதம், அல்லது அதைவிடக் குறைவாக வேலை செய்திருந்தால் அந்தக் காலம். இதில் ஓவர்டைம் சேரும். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். அடிப்படைச் சம்பளம் 800, ஓவர்டைமோடு மாதம் 1,400 வாங்குபவருக்கு 800ஐ வைத்துக் கணக்குப் போட்டால் அவர் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் பாதி காணாமல் போகும்.

வெளிநோயாளி எம்சி என்றால் முதல் 14 நாள் முழுச் சம்பளம், மருத்துவமனை விடுப்பு என்றால் முதல் 60 நாள் முழுச் சம்பளம். அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நாளிலிருந்து ஒரு வருடம் வரை. நாளுக்கு 60 வெள்ளி கணக்கு வரும் ஒருவருக்கு 40 வேலை நாள் வெளிநோயாளி எம்சி என்று வையுங்கள்: முதல் 14 நாளுக்கு 840 வெள்ளி, மீதி 26 நாளுக்கு 40 வெள்ளி வீதம் 1,040, மொத்தம் 1,880. இதை வழக்கமான சம்பள நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். காப்பீட்டுப் பணம் வரட்டும் என்று காக்கவைக்கக் கூடாது.

லைட் டியூட்டி என்ற பெயரில்

இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். முன்பெல்லாம் எம்சியைத் தவிர்க்க லைட் டியூட்டி வாங்கிக்கொடுத்து, தளத்துக்குக் கூட்டிவந்து, ஓரமாக உட்காரவைத்து, இரண்டாம் நாள் "அந்தக் கம்பிய மட்டும் கொஞ்சம் பிடி" என்பார்கள். இப்போது சட்டத்தில் லைட் டியூட்டி நாளுக்கும் எம்சி போலவே சராசரி வருமானத்தில் இழப்பீடு உண்டு. ஆகவே அந்த வழியில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

டாக்டரிடம் தெளிவாக எழுதி வாங்குங்கள்: எத்தனை கிலோ தூக்கலாம், ஏணி ஏறலாமா, எவ்வளவு நேரம் நிற்கலாம், கட்டு நனையலாமா. அதை சூப்பர்வைசரிடமும் ஊழியரிடமும் ஆளுக்கொரு நகல் கொடுங்கள். அதற்குப் பொருத்தமான வேலை உங்களிடம் இல்லையென்றால் மறுபடி டாக்டரிடம் அனுப்பி எம்சி கேட்பதே நேர்மை. கையில் கட்டுப் போட்ட ஆளை லாரியின் பின்பக்கம் ஏறச் சொல்வதே லைட் டியூட்டி அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிரந்தரப் பாதிப்பும் உயிரிழப்பும்

விபத்து நடந்து ஆறு மாதத்துக்குப் பிறகு டாக்டர் பாதிப்பை மதிப்பிட்டு விழுக்காடு சொல்லலாம். ஊழியரின் வயது, சராசரி வருமானம், அந்த விழுக்காடு மூன்றையும் வைத்துத் தொகை கணக்கிடப்படும். 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு உச்சவரம்பு உயர்ந்திருக்கிறது. உயிரிழப்புக்குக் குறைந்தது 91,000, அதிகபட்சம் 269,000 வெள்ளி. முழு நிரந்தரச் செயலிழப்புக்கு 116,000 முதல் 346,000 வரை, அதற்கு மேல் பராமரிப்புக்காக 25 விழுக்காடு. மருத்துவச் செலவு 53,000 வெள்ளி அல்லது விபத்திலிருந்து ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது வரை. அதற்கு முன் நடந்த விபத்துக்குப் பழைய வரம்புதான்.

ஊழியர் விபத்து நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் இழப்பீடு கோர வேண்டும். இந்தச் சட்டத்தில் கோரலாம், அல்லது முதலாளியின் அலட்சியத்தைக் காட்டி நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். இரண்டு வழியிலும் சேர்த்து வாங்க முடியாது. எந்த வழியில் போவது என்பது அவர் முடிவு. "ஐந்நூறு வெள்ளி தரேன், கிளெய்ம் வேண்டாம்னு கையெழுத்துப் போடு" என்று வாங்கும் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. உங்கள் மேல்தான் அது திரும்பும்.

வெளிநாட்டு ஊழியர் என்றால்

சிகிச்சை முடியும் வரை சாப்பாடு, தங்குமிடம், மருத்துவம் மூன்றும் உங்கள் பொறுப்பு. சிகிச்சையும் மதிப்பீடும் முடியாமல் டிக்கெட் போட்டு அனுப்ப நினைக்காதீர்கள். மருத்துவமனைத் தேதிகளை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள், போகவர ஏற்பாடு செய்யுங்கள். ஊரில் குடும்பத்திடம் நீங்களே பேசுங்கள். ஐந்து நிமிடம் போதும். "அம்மா, தம்பிக்கு ஆபரேஷன் முடிஞ்சது, சாப்பிடுறார், சம்பளம் வரும்" என்று முதலாளி வாயால் கேட்கும்போது அந்த வீட்டில் வரும் நிம்மதி வேறு.

சந்தேகம் கேட்க ஊழியர் வெளியே போனால் கோபப்பட வேண்டாம். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் எண் 6536 2692. இந்த எண்ணைத் தங்குமிடச் சுவரில் ஒட்டிவைக்கும் முதலாளிகளை எனக்குத் தெரியும். அவர்களிடம்தான் ஆட்கள் பத்து வருடம் தங்குகிறார்கள். லிட்டில் இந்தியாவில் தொண்டூழியர்கள் தரும் இலவசச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பவர்களில் பலர், கட்டுப் போட்ட கையோடு இழப்பீட்டுக்குக் காத்திருப்பவர்கள். உங்கள் ஆள் அந்த வரிசையில் நிற்க வேண்டிய அவசியம் வரக் கூடாது.

திரும்பி வரும் நாளுக்கு முன்

விபத்துக்குப் பிறகு அபாய மதிப்பீட்டை மறுபடி செய்ய வேண்டும் என்பது விதி. விபத்தே இல்லாவிட்டாலும் மூன்று வருடத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும். பழைய தாளில் தேதியை மாற்றுவது மறுமதிப்பீடு ஆகாது. அந்த வேலையைச் செய்பவர்களை அந்த இடத்திலேயே நிற்கவைத்து, எங்கே பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். அடுப்படியில் கேட்டால், "சட்டி வாசலுக்குப் பக்கத்துல இருக்கு, எல்லாரும் அது வழியாத்தான் போறோம்" என்பார்கள். இது முதலாளிக்குத் தெரியாது, வடை சுடுபவருக்குத் தெரியும்.

அடிபடாமல் தப்பிய சம்பவங்களையும் எழுதிவையுங்கள். 2021 பிப்ரவரியில் துவாஸில் மூவரின் உயிரைப் பறித்த வெடிப்பை விசாரித்தபோது, அந்த இயந்திரத்தில் முன்பே எண்ணெய்க் கசிவும் சிறு தீயும் தென்பட்டது வெளிவந்தது. 2024இல் சிங்கப்பூரில் 43 பேர் வேலையிடத்தில் இறந்தார்கள், அதற்கு முந்தைய வருடம் 36. வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் துணைவிதிகளைக் கடுமையாக மீறுவதற்கான அதிகபட்ச அபராதம் 2024 ஜூனில் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 ஆனது.

அப்புறம், திரும்பி வருபவரை முதல் நாள் நேராக அதே இயந்திரத்தின் முன் நிறுத்த வேண்டாம். நான் சொன்ன அந்தத் தம்பி திரும்பி வந்த காலையில், வெட்டும் இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போய்த் தன் அலமாரியைத் திறந்தார். அதற்குள் தடுப்பு மாற்றியிருந்தோம், இரண்டு கையாலும் பொத்தானை அழுத்தினால்தான் கத்தி இறங்கும். அதை அவருக்கு யாரும் காட்டவில்லை. மதியம்தான் எனக்குத் தோன்றியது. கூட்டிப்போய், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தடுப்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இது முன்னாடியே இருந்திருக்கலாம்ல அண்ணே?" என்று கேட்டார்.